பூசணம் போக்கும் தொழில்: கூட்டுறவு முறையில் தொடங்குவது எப்படி?

“சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம்” என்பது நம் நாட்டுப் பழமொழி. சுவர் இருந்தும் அதன்மேல் பூசணம் படர்ந்திருந்தால், சித்திரம் மாத்திரமன்று, அச்சுவரின் ஓரத்தில் படுத்துறங்கும் குழந்தையின் மூச்சும் கெடும். மழைக்காலம் முடிந்தவுடன் சுவருக்கு ஒரு பூச்சுப் பூசிவிட்டால் காரியம் முடிந்தது என்று எண்ணுவோர் நம்மிடையே பலர். அடுத்த மழையில் அதே இடத்தில் அதே கறுப்பு மீண்டும் தோன்றும்போது, வர்ணம் சரியில்லை என்று குறை கூறுகின்றனர். குறை வர்ணத்தில் இல்லை; சுவருக்குள் நிற்கும் நீரில் இருக்கிறது.

2023ஆம் ஆண்டு டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் கொண்டுவந்த பெருமழையில் சென்னை நகரம் வெள்ளக்காடாயிற்று. 2015ஆம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்தைக் கண்டிருந்த மக்கள் எட்டே ஆண்டுகளில் மற்றொன்றையும் கண்டனர். வெள்ளம் சில நாட்களில் வடிந்தது. ஆனால் சுவர்களும், கதவு நிலைகளும், மெத்தைகளும், புத்தகங்களும் குடித்த நீர் மாதக்கணக்கில் வடியவில்லை. அந்த நீரை வெளியேற்றி, அதனால் விளைந்த பூசணத்தை முறைப்படி நீக்கித் தருவது பல நாடுகளில் தனித் தொழிலாகவே வளர்ந்துள்ளது. இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பகுதிகளில் வாழும் உழைப்பாளர்கள் இத்தொழிலைக் கூட்டுறவு முறையில் தொடங்க இடமுண்டா, தொடங்கினால் எவற்றில் கருத்தாயிருக்க வேண்டும் என்பவற்றை அங்கத்தினர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நெசவாளர்க்கும் உழவர்க்கும் இதில் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். தறிக்குழியில் நீர் ஊறிய வீட்டைக் காணாத நெசவாளி இல்லை; கஞ்சியிட்ட பாவு மழைநாளில் புள்ளி புள்ளியாகப் பூத்துப்போவதை அறியாதவரும் இல்லை. ஈரம் காயாத நிலக்கடலையை மூட்டை கட்டினால் நேரும் கேட்டை உழவர் அறிவர். நூல் கிடங்கிலும் தானியக் கிடங்கிலும் நமக்குப் பகையாக நிற்பது எதுவோ, அதுவே நகரத்துக் குடியிருப்பின் சுவரிலும் நிற்கிறது.

பூசணம் என்பது யாது?

பூசணம் காளான் இனத்தைச் சேர்ந்த உயிர். அதன் வித்துக்கள் கண்ணுக்குப் புலப்படாத நுண்துகள்களாக எங்கும் காற்றில் மிதந்துகொண்டிருக்கின்றன. அவற்றை அறவே ஒழித்தல் எவராலும் ஆகாது. அவை முளைப்பதற்கு மூன்று பொருள்கள் வேண்டும்: இரை, மிதமான வெப்பம், ஈரம். காகிதம், மரம், பருத்தி, கஞ்சி, தோல், வர்ணத்தின் பசை, சுவரில் படிந்த தூசி ஆகிய யாவும் அதற்கு இரையே. சென்னையின் வெப்பம் ஆண்டு முழுவதும் அதற்கு ஏற்றதே. ஆகவே நம் கைக்குள் அகப்படுவது மூன்றாவதாகிய ஈரம் ஒன்றுதான். ஈரத்தை நீக்கினால் பூசணம் தானே அடங்கும். ஈரத்தை விட்டுவிட்டுப் பூசணத்தை மாத்திரம் துடைப்பது, களையின் வேரை விட்டுத் தலையைக் கிள்ளுவது போன்றது.

நனைந்த பொருளை 24 மணி முதல் 48 மணி நேரத்திற்குள் உலர்த்திவிட்டால் பெரும்பாலும் பூசணம் பிடிக்காது என்பது அனுபவத்தில் கண்ட விதி. இத்தொழிலின் முதல் பாடமும் இதுவே. வெள்ளம் வடிந்த இரண்டாம் நாளில் செய்யும் ஒரு நாள் வேலை, இரண்டாம் மாதத்தில் செய்யும் பத்து நாள் வேலைக்குச் சமம்.

உடல்நலத்திற்கு வரும் கேட்டைப் பற்றி மிகையும் கூடாது, குறையும் கூடாது. ஈரமும் பூசணமும் உள்ள வீடுகளில் வாழ்வோர்க்கு இருமல், மூச்சிரைப்பு, ஆஸ்துமா முதலிய சுவாசத் தொல்லைகள் மிகுதியாக வருகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டு நூலில் கூறியுள்ளது. குழந்தைகளும், முதியவர்களும், முன்பே மூச்சுத் தொல்லை உள்ளவர்களும் முதலில் பாதிக்கப்படுவர். 2021ஆம் ஆண்டு கொரோனாத் தொற்றுக் காலத்தில் “கருப்புப் பூஞ்சை” என்று பேசப்பட்ட நோயோ வேறு. அதற்குக் காரணமான காளான் மண்ணிலும் அழுகும் பொருளிலும் வாழ்வது. பெரும்பாலும் நீரிழிவு மிகுந்தவர்களையும், ஸ்டீராய்டு மருந்து பெற்ற நோயாளிகளையும் பிடித்தது. சுவரிலுள்ள கறுப்பைக் காட்டி, “இதுதான் அந்த நோய்” என்று வீட்டுக்காரரை அச்சுறுத்தி வேலை பிடிப்பவன் தொழிலாளி அல்லன், ஏமாற்றுக்காரன்.

வட சென்னையின் தனி நிலை

கடலை ஒட்டிய இப்பகுதியில் காற்றே ஈரமானது. ஆண்டு மழையில் பாதிக்கு மேற்பட்டது வடகிழக்குப் பருவத்தில், அதாவது அக்டோபர் முதல் டிசம்பர் வரையில் பெய்கிறது. அந்நாட்களில் வெளிக்காற்றும் நீர் நிறைந்திருப்பதால், ஜன்னலைத் திறந்துவைத்தால் சுவர் உலர்ந்துவிடும் என்பது எப்போதும் பொருந்தாது. வெயில் காணும் நண்பகலில் திறந்து, மழை பிடிக்கும்போதும் இரவிலும் மூடி, உள்ளே மின்விசிறியும் ஈரமுறிஞ்சும் இயந்திரமும் கொண்டு உலர்த்துவதே முறை.

கட்டிடங்களும் பலவகை. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் 1856இல் புறப்பட்ட இராயபுரத்தில், சுண்ணாம்புக் காரையும் செங்கல்லும் தேக்கு உத்தரங்களும் கொண்டு கட்டிய பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகள் உண்டு. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும். வெயில் வந்தால் வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமெண்டுப் பூச்சும் பிளாஸ்டிக் வர்ணமும் ஏற்றினால் ஈரம் உள்ளேயே சிறைப்படுகிறது. உத்தரங்களின் முனைகள் சுவருக்குள் புதைந்திருக்குமிடத்தில் மரம் வெளியே தெரியாமல் மக்கிப்போகும். இவ்வீடுகளில் சிமெண்டைச் சுரண்டிவிட்டு மீண்டும் சுண்ணாம்புக் காரை பூசுவதே பல சமயங்களில் சரியான மருந்து.

அடுக்குமாடிக் குடியிருப்புகளின் நோய் வேறு. மேல் வீட்டுக் கழிவறைக் குழாய் கசிந்தால் கீழ் வீட்டுச் சுவர் பூக்கிறது. கீழ் வீட்டார் எத்தனை முறை வெள்ளையடித்தாலும் பயனில்லை. மேல் வீட்டார் இசைந்தாலன்றி நோய் தீராது. ஒரு குடும்பம் தனித்து நின்று தீர்க்க முடியாத துன்பம் இது. கூட்டு முயற்சியின் தேவை இதைக்காட்டிலும் தெளிவாக விளங்கும் இடம் வேறில்லை.

எண்ணூர் முகத்துவாரத்தை அடுத்த மீனவர் குப்பங்களுக்கும் எர்ணாவூர்ப் பகுதிக்கும் 2023 டிசம்பரில் மற்றொரு துன்பமும் நேர்ந்தது. மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் வெள்ளநீரோடு கலந்து பக்கிங்காம் கால்வாய் வழியாக முகத்துவாரத்தை அடைந்தது; வீடுகளிலும் படகுகளிலும் வலைகளிலும் படிந்தது. எண்ணெய் படிந்த சுவரில் சுண்ணாம்பு பற்றாது. முதலில் சோப்புக் கரைசலால் எண்ணெயைப் போக்கி, அந்தக் கழிவைச் சாக்கடையில் விடாமல் தனியே சேர்த்து, மாநகராட்சியோ மாசுக் கட்டுப்பாட்டு வாரியமோ காட்டும் இடத்தில் ஒப்படைத்த பின்னரே மற்ற வேலைகளைத் தொடங்கலாம்.

முதலிற் செய்ய வேண்டியது ஆய்வு

வைத்தியர் நாடி பார்க்காமல் மருந்து கொடுப்பதில்லை. இத்தொழிலிலும் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று காணும்முன் தூரிகையைத் தொடுதல் கூடாது. ஈரம் வரும் வழிகள் நான்கு: மேலிருந்து ஒழுகுவது, பக்கச் சுவர் வெடிப்பின் வழியே நுழைவது, தரையிலிருந்து சுவரில் ஏறுவது, உள்ளிருக்கும் காற்றின் நீர் குளிர்ந்த சுவரில் படிவது. கறை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைக் கொண்டே பெரும்பாலும் வழியைக் கண்டுகொள்ளலாம். தரையிலிருந்து இரண்டு, மூன்று அடி உயரம் வரை ஒரே மட்டமாக நிற்பது தரையீரம். கூரை மூலையில் வட்டமாகப் படர்வது ஒழுக்கு. பீரோவுக்குப் பின்னும் படுக்கையறை மூலையிலும் மாத்திரம் தோன்றுவது காற்றோட்டக் குறைவு.

சுவரில் பூத்ததெல்லாம் பூசணமன்று. கடலோரச் சுவர்களில் உப்புப் பூத்து வெள்ளைப் பஞ்சுபோல் நிற்பது மிகச் சாதாரணம். ஒரு துளி நீர் விட்டால் உப்பு கரைந்து மறையும். பூசணம் கரையாது, தேய்த்தால் இழுபடும். வெறும் அழுக்கா பூசணமா என்று ஐயம் வந்தால், நீர் கலந்த பிளீச்சிங் கரைசலில் ஒரு துளி வைத்துப் பார்க்கலாம். பூசணமாயின் சில நிமிடங்களில் நிறம் வெளுக்கும், அழுக்கு அப்படியே நிற்கும். இவ்விரு சோதனைகளுக்கும் காசு செலவில்லை. இவற்றோடு ஈரமானி ஒன்றும் வேண்டும். மரத்தின் ஈரம் 20 சதவீதத்திற்கு மேலிருந்தால் அது மக்கும் நிலையில் இருக்கிறது என்று பொருள். சுவரில் காணும் எண்ணைத் தனியே நம்பாமல், அதே வீட்டின் உலர்ந்த சுவரில் காணும் எண்ணோடு ஒப்பிட்டு நோக்க வேண்டும்.

ஆய்வின்போது மற்றொன்றையும் மறத்தலாகாது. 2021 டிசம்பர் 27ஆம் நாள் திருவொற்றியூரில் 24 வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்புப் பகுதியொன்று இடிந்து விழுந்தது. விரிசலைக் கண்ட குடியிருப்போர் சற்றுமுன் வெளியேறியதால் உயிர்கள் தப்பின. சுவர் விரிதல், கம்பி துருப்பிடித்து வெளியே தெரிதல், கூரைக் காரை பெயர்தல் ஆகியவற்றைக் கண்டால், அது பூசணம் நீக்குவோர் தொடும் வேலையன்று. “இது பொறியாளர் பார்க்க வேண்டியது, நாங்கள் செய்யமாட்டோம்” என்று எழுத்தில் கூறிவிட்டு வருவதே கடமை. அவ்வாறு ஒரு வேலையை விட்டுவந்த சங்கம் நட்டப்பட்டதாக எண்ண வேண்டுவதில்லை.

வேலை செய்யும் முறை

ஒழுக்கையும் கசிவையும் முதலில் அடைக்க வேண்டும். அதன்பின் வேலை நடக்கும் அறையைப் பாலிதீன் விரிப்பால் மற்ற அறைகளினின்றும் மறைக்க வேண்டும். இன்றேல் ஓர் அறைப் பூசணம் சுரண்டும்போது பறந்து வீடெங்கும் பரவும். உலர்ந்த சுவரைச் சுரண்டக் கூடாது. சிறிது நீர் தெளித்து நனைத்துச் சுரண்டினால் துகள் எழாது. பழைய வர்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும். பழைய கூரைத் தகடு ஆஸ்பெஸ்டாஸாக இருக்கக்கூடும். அவற்றை உலரத் தேய்த்தல் வேலை செய்வோர்க்கே நஞ்சாகும்.

கண்ணாடி, உலோகம், ஓடு முதலிய நீருறிஞ்சாப் பொருள்களைச் சோப்புநீரால் தேய்த்துக் கழுவினால் போதும். பூச்சு உப்பி உதிரும் சுவரில் அப்பூச்சை நீக்கிவிட வேண்டும். மெத்தை, தலையணை, ஊறிப்போன அட்டைப்பலகை ஆகியவற்றை மீட்க முயல்வது வீண்; கட்டி வெளியேற்றலே நன்று. பிளீச்சிங் கரைசல் எல்லாவற்றையும் தீர்க்கும் என்ற நம்பிக்கை நம்மிடம் உண்டு. அது மேற்புறத்தை வெளுக்கச் செய்யும். நீருறிஞ்சும் சுவரிலும் மரத்திலும் உள்ளே ஓடிய இழைகளை எட்டாது. அன்றியும், செத்த பூசணமும் மூச்சுக்குத் தீங்கு செய்வதே. ஆதலால் கொல்லுதல் போதாது, அகற்றுதல் வேண்டும்.

அகற்றிய பின்னர் உலர்த்துதல். இதில் அவசரம் கூடாது. வீட்டுக்காரர் வற்புறுத்தினாலும் ஈரமானி இசையும்வரை பூச்சு வேலையைத் தொடங்கலாகாது. முற்றும் உலர்ந்த பின்னர் நீர்த்த சுண்ணாம்பு அடித்தல் மிகச் சிறந்தது. சுண்ணாம்பின் காரம் பூசணத்திற்குப் பகை. அது சுவர் மூச்சு விடுவதற்கும் தடையாகாது. நம் முன்னோர் ஆண்டுதோறும் வெள்ளையடித்த வழக்கத்தில் அழகோடு இந்தப் பயனும் இருந்தது.

சிறிய வேலைகளுக்குச் சங்கத்தைக் கூப்பிட வேண்டுவதும் இல்லை. மூன்றடி நீளம் மூன்றடி அகலத்திற்கு மேற்படாத பூசணத்தைக் கையுறையும் முகமூடியும் அணிந்து வீட்டாரே சோப்புநீரால் நீக்கிக்கொள்ளலாம். இதைச் சங்கமே தெருத்தெருவாகக் கூட்டம் போட்டுச் சொல்லித்தர வேண்டும். அதனால் வேலை குறையும் என்று அஞ்ச வேண்டாம். சொல்லித்தந்தவரையே பெரிய வேலைக்கு மக்கள் தேடி வருவர்.

துணியையும் தானியத்தையும் பற்றி ஒரு சொல். பூசணம் பருத்தி இழையையே தின்பது. ஆகையால் பூத்த பாவு கறை போன பின்னும் வலுவிழந்து தறியில் அறும். இலேசாகப் பூத்த துணியைத் திறந்த வெளியில் உதறி, வெந்நீர்ச் சோப்பில் துவைத்து, வெயிலில் உலர்த்தலாம். பூசணம் பிடித்த தானியத்திற்கும் நிலக்கடலைக்கும் அவ்விதப் பரிகாரம் கிடையாது. 1960இல் இங்கிலாந்தில் பூசணம் பிடித்த நிலக்கடலைப் பிண்ணாக்கைத் தின்று 1 லட்சத்திற்கு மேற்பட்ட வான்கோழிகள் மாண்டன; அதை ஆராய்ந்தபோதே அஃப்ளாடாக்ஸின் என்ற நஞ்சு உலகுக்குத் தெரியவந்தது. கழுவினாலும் வறுத்தாலும் அந்நஞ்சு முற்றும் போவதில்லை. உணவுப் பொருளை மீட்டுத் தருவதாகச் சங்கம் ஒருபோதும் ஒப்புக்கொள்ளக் கூடாது.

வேலை செய்வோரின் பாதுகாப்பு

வெள்ளத்திற்குப் பின் வீடுகளைக் கழுவும் ஏழைத் தொழிலாளர்கள் பெரும்பாலும் வெறுங்கையோடும், மூக்கில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டும் வேலை செய்வதைக் காண்கிறோம். துண்டு பூசண வித்தைத் தடுக்காது. முகத்தோடு இறுகப் பொருந்தும் என்-95 முகமூடி, முழங்கைவரை கையுறை, கண்மூடி, தனி வேலையுடை, காலணி ஆகிய ஐந்தும் இல்லாமல் எந்த அங்கத்தினரையும் அறைக்குள் விடலாகாது. வேலையுடையை வீட்டிற்குக் கொண்டுபோகாமல் சங்கத்திலேயே துவைக்க ஏற்பாடு வேண்டும். இன்றேல் பிறர் வீட்டுப் பூசணம் தம் வீட்டுக் குழந்தைகளிடம் போய்ச் சேரும். ஆஸ்துமா உள்ள அங்கத்தினர்க்கு ஆய்வு, கணக்கு, பண்டகக் காப்பு முதலிய வேலைகளைத் தரலாம்.

பிளீச்சிங் கரைசலோடு கழிவறை கழுவும் ஆசிட்டையோ அமோனியா கலந்த பொருளையோ சேர்த்தால் மூச்சை அடைக்கும் நச்சு வாயு எழும். இதைப் பெரிய எழுத்தில் எழுதிச் சங்கக் கிடங்கில் மாட்டிவைக்க வேண்டும்.

சங்கம் அமைப்பது எவ்வாறு?

கையில் தொழில் உண்டு, முதல் இல்லை என்ற நிலையிலிருந்து எழுந்த சங்கங்கள் நம்முன் இருக்கின்றன. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் பாம்புத் தோல் வாணிபம் நின்றபோது, செங்கற்பட்டுப் பகுதி இருளர் மக்கள் பிழைப்பிழந்தனர். 1978இல் அவர்கள் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர். பாம்பைப் பிடித்து, நஞ்செடுத்து, சில வாரங்களில் காட்டிலேயே விட்டுவிடும் முறை வந்தது. நெம்மேலியை அடுத்த வடநெம்மேலியில் இயங்கும் அச்சங்கத்தின் நஞ்சு, பாம்புக்கடிக்கு மருந்து செய்யப் பயன்படுகிறது. பிறர் அஞ்சி விலகும் வேலையை, முறையும் பயிற்சியும் சேர்ந்தால் மதிப்புள்ள தொழிலாக்கலாம் என்பதற்கு இதுவே சான்று.

கேரளத்தில் வடகரையை அடுத்த ஊராளுங்கல் தொழிலாளர் ஒப்பந்தக் கூட்டுறவுச் சங்கம், வாக்படானந்தரின் சமூகப் பணியில் ஊக்கம் பெற்ற 14 தொழிலாளர்களால் 1925இல் ஆறணா முதலோடு தொடங்கப்பெற்றது. இன்று அது பாலங்களும் சாலைகளும் கட்டும் பெருநிறுவனம். முதல் சிறிதாயிருந்தது அவர்களுக்குத் தடையாகவில்லை.

தமிழ்நாட்டில் 1983ஆம் ஆண்டு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்ய வேண்டும். தொழிற் கூட்டுறவுச் சங்கமாக அமைப்பதாயின் தொழில் வணிகத் துறையையும், தொழிலாளர் ஒப்பந்தச் சங்கமாக அமைப்பதாயின் கூட்டுறவுத் துறையையும் அணுகுக. விண்ணப்பத்திற்கு முன்பே அங்கத்தினர் கூடி மூன்று கேள்விகளுக்கு விடை காண வேண்டும்: எந்தப் பகுதியில் வேலை செய்வோம்? என்ன வேலையை ஏற்கமாட்டோம்? வேலையை எந்த முறைவரிசையில் பங்கிட்டுக்கொள்வோம்? மூன்றாவது கேள்விக்கு விதி எழுதாத சங்கங்களில்தான் சச்சரவு முதலில் எழுகிறது. தொழிலாளர் சங்கத்தில் வேலையே பங்கு. அப்பங்கு தலைவருக்கு வேண்டியவர்க்கு முன்னும் மற்றவர்க்குப் பின்னும் போகுமானால் சங்கம் நிலைக்காது. கொத்து வேலை, வர்ண வேலை, குழாய் வேலை, மின்வேலை தெரிந்தவர்கள் அங்கத்தினருள் இருத்தல் அவசியம். பெண்களும் சம உரிமையோடு சேர வேண்டும். கூலி ஒன்று, ஓட்டும் ஒன்று.

கட்டுமான வேலை செய்யும் அங்கத்தினர்கள் 1994இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதிவு செய்துகொள்வது நலம். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் சரக்கு, சேவை வரிக்குப் பதிவு வேண்டும் என்பதையும் செயலாளர் நினைவில் வைக்க வேண்டும்.

முதலும் கணக்கும்

30 அங்கத்தினர் ஆளுக்கு ரூ. 1,000 வீதம் பங்கெடுத்தால் ரூ. 30,000 சேரும். இதைக்கொண்டு விலையுயர்ந்த இயந்திரங்களை வாங்க முயலக் கூடாது. முகமூடி, கையுறை, தூரிகை, விரிப்பு, ஈரமானி, சில மின்விசிறிகள் இவையே முதற்கருவிகள். ஈரமுறிஞ்சும் இயந்திரத்தைத் தொடக்கத்தில் வாடகைக்கு எடுக்கலாம்.

ஒரு வேலைக்கு மதிப்பீடு போடும் முறையைக் கணக்குக்காக வைத்துக்கொண்ட எண்களால் விளக்குவோம். பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரமுள்ள அறைக்குச் சுவர்ப்பரப்பு 400 சதுர அடி. நான்கு பேர் மூன்று நாள் வேலை செய்தால் 12 ஆள் கூலி. கூலி ரூ. 900 ஆயின் ரூ. 10,800. பொருள்கள் ரூ. 1,800. உலர்த்தும் கருவிகள் 7 நாள் அங்கேயே நிற்பதற்கு நாளொன்றுக்கு ரூ. 200 வீதம் ரூ. 1,400. ஆகக் கூடுதல் ரூ. 14,000. சங்கச் செலவுக்கும் சேமநிதிக்கும் பத்தில் ஒரு பங்கு ரூ. 1,400. மொத்தம் ரூ. 15,400. புதியவர்கள் மறப்பது கருவி நிற்கும் நாட்களை. ஆள் இல்லாத நாளிலும் கருவி வேலை செய்கிறது. அதற்குக் கூலி போடாவிட்டால் அது பழுதாகும் நாளில் சங்கமும் பழுதாகும்.

இரண்டு ஆளைக்கொண்டு ஒரே நாளில் வர்ணம் பூசி ரூ. 5,000 கேட்பவர் பக்கத்திலேயே இருப்பார். மூன்று ஆண்டில் மூன்று முறை அவரை அழைத்தால் ரூ. 15,000 ஆகிவிடும், சுவரின் நோயோ அப்படியே இருக்கும். இக்கணக்கை வீட்டுக்காரர் முன்னிலையில் எழுதிக் காட்டுவதே நமது விளம்பரம்.

ஆனாலும் ரூ. 15,400 கொடுக்க இயலாத குடும்பங்களே இப்பகுதியில் மிகுதி என்பதை மறைத்தல் நேர்மையாகாது. பூசணத்தால் மிகவும் துன்புறுவோரும் அவர்களே. இதற்கு இரண்டு வழிகள் உண்டு. அடுக்குமாடிகளில் வீடு வீடாக அன்றிக் கட்டிடம் முழுவதற்கும் சேர்த்துக் குடியிருப்போர் சங்கத்தின் வழியாகவோ, வாரியத்தின் ஒப்பந்தமாகவோ வேலை பெற்றால் வீட்டுக்கு ஆகும் செலவு குறையும். மற்றொன்று, கொடுக்க வல்ல இடங்களில் சங்கம் ஆண்டு முழுவதும் வேலை தேடிக்கொள்வது. சென்னைத் துறைமுகத்தையும் எண்ணூர்க் காமராஜர் துறைமுகத்தையும் சார்ந்து சரக்குக் கிடங்குகள் பல உள்ளன. மூடிய கண்டெய்னருக்குள் இரவின் குளிரில் நீர் வியர்த்துச் சரக்கின்மேல் சொட்டுவது கப்பல் வாணிபத்தார் அறிந்த தொல்லை. அலுவலகங்களின் பதிவேட்டு அறைகள், நூலகங்கள், பள்ளிகள், கூட்டுறவுப் பண்டகசாலைகள், நெசவாளர் சங்கங்களின் நூல் கிடங்குகள் யாவும் மழைக்கு முன்பே பார்வையிடத் தக்கவை. கூட்டுறவுச் சங்கங்கள் தமக்குள் ஒத்துழைக்க வேண்டும் என்பது 1966இல் சர்வதேசக் கூட்டுறவு ஒன்றியம் ஏற்ற கொள்கைகளுள் ஒன்று. ஓர் ஊர் நெசவாளர் சங்கம் தன் கிடங்கை உலர்த்தும் வேலையைத் தொழிலாளர் சங்கத்திற்குக் கொடுப்பதே அக்கொள்கையைச் செயலில் காட்டுவதாகும்.

பார்ப்பவரும் செய்பவரும் வேறாதல்

இத்தொழிலில் பெரிய ஆபத்து நேர்மைக் குறைவு. நோய் உண்டென்று சொல்பவரே மருந்துக்குப் பணம் வாங்குபவராயின், இல்லாத நோயும் தோன்றிவிடும். அமெரிக்காவில் டெக்ஸாஸ், நியூயார்க் ராஜ்யங்களில் ஒரே இடத்தில் பூசணத்தை மதிப்பிடுபவரும் நீக்குபவரும் ஒருவராயிருத்தல் கூடாது என்று சட்டமே உண்டு. நியூயார்க்கில் அது 2016 முதல் நடைமுறையில் இருக்கிறது. நம் நாட்டில் இத்தொழிலுக்கென்று அத்தகைய தனிச்சட்டம் இல்லை. இல்லாவிட்டாலும் நம் துணைவிதியில் நாமே எழுதிக்கொள்ளத் தடையில்லை. கணக்கு எழுதுபவரே தணிக்கை செய்யலாகாது என்ற விதியைக் கூட்டுறவாளர்கள் நெடுங்காலமாக அறிவோம். அதையே இங்கும் கொள்க. ஆய்வுக்குச் செல்லும் அங்கத்தினர் அந்த வேலையின் கூலிப் பட்டியலில் இடம் பெறலாகாது. வேலை முடிந்தபின் உலர்ந்ததா என்று ஈரமானி வைத்துப் பார்ப்பவரும் வேலை செய்தவரல்லாத ஒருவராகவே இருத்தல் வேண்டும். தொடக்கத்தில் கண்ட அளவையும் முடிவில் கண்ட அளவையும் ஒரே தாளில் எழுதி, வீட்டுக்காரரிடம் ஒரு பிரதியும் சங்கத்தில் ஒரு பிரதியும் வைக்க வேண்டும்.

சுவரின் உட்புறம் வீட்டுக்காரர் கண்ணுக்குத் தெரியாது. அவர் நம் சொல்லை நம்பியே பணம் தருகிறார். அந்நம்பிக்கையே இச்சங்கத்தின் மூலதனம். பங்குத்தொகை அதற்கு அடுத்ததே. தனி ஒப்பந்தக்காரர் ஒருவர் நேர்மையாயிருப்பது அவர் மனத்தைப் பொறுத்தது. சங்கத்தின் நேர்மையோ விதியிலும், பதிவேட்டிலும், அங்கத்தினர் ஒருவரையொருவர் கேட்கும் உரிமையிலும் நிற்பது. ஆகையால்தான் இத்தொழில் கூட்டுறவுக்கு மிகவும் ஏற்றது என்று கூறுகிறோம்.

வடகிழக்குப் பருவம் அக்டோபரில் தொடங்கும். விண்ணப்பம், பயிற்சி, கருவி, விலைப்பட்டியல் யாவும் ஆடி மாதத்திற்குள் ஆயத்தமாயிருந்தால், முதல் மழையின் மறுநாளே சங்கத்தார் கதவைத் தட்ட முடியும். 48 மணி நேரத்திற்குள் தட்டிய கதவுக்குள் பூசணம் நுழைவது அரிது. ஆர்வமுள்ள அங்கத்தினர்கள் தத்தம் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இப்பொருளை நிகழ்ச்சி நிரலில் சேர்க்குமாறு செயலாளரைக் கேட்டுக்கொள்வார்களாக.